முப்பதடிப் படகும் மூவாயிரம் கேள்வியும்

பாய்மரப் படகுக் கண்காட்சிக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். "போங்கள்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டோம். அதுதான் வினை. அத்திப்பட்டு தொடங்கி ராயபுரம் வரை படகு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேள்வி பிறந்துவிட்டது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. படகு இல்லாதவர்களும் படிக்கலாம், தடையில்லை.

கே: சொந்தமா ஃபைபர் படகு வெச்சிருக்கறவன் எதுக்கு டிக்கெட் வாங்கி அடுத்தவன் படகைப் பார்க்கணும்?
(படகுக்காரர், காட்டுக்குப்பம்)

ப: சமைக்கத் தெரிந்தவர் கல்யாணப் பந்தியில் உட்காருவதும் மற்றவர் உட்காருவதும் ஒன்றா? படகு இல்லாதவர் கண்காட்சியில் மெத்தையைப் பார்ப்பார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார், செல்ஃபி எடுப்பார். படகு உள்ளவர் கயிறு எங்கே உராய்கிறது என்று பார்ப்பார். "உள்ளே தண்ணி வந்தா எதால எறைப்பீங்க?" என்று கேட்பார். விற்பவருக்கு முதலாமவரைப் பிடிக்கும், இரண்டாமவரைக் கண்டால் வியர்க்கும். அந்த வியர்வையைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம்.

கே: எங்கே நடக்குது? அத்திப்பட்டுலேர்ந்து எப்படிப் போறது?
(அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளி, அத்திப்பட்டு புதுநகர்)

ப: கைக்கெட்டும் தூரத்தில் கொச்சி. 'இந்தியா போட் அண்ட் மரைன் ஷோ' அங்கேதான் நடக்கிறது. அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரல் போய், இரவு வண்டி ஏறினால் காலையில் எர்ணாகுளம். ஆனால் ஒன்று: அங்கே இன்ஜின், ஃபைபர் வேலை, பாதுகாப்புச் சாமான்தான் அதிகம், பாய்மரம் குறைவு. அதில் நமக்கு நஷ்டமில்லை. நம் படகுக்கு நாளைக்கே மாட்டக்கூடிய சாமான் அங்கேதான் கிடைக்கும்.

பாய்மரத்துக்கே என்று நடக்கும் பெரிய காட்சி அமெரிக்காவில் அன்னபோலிஸ் ஊரில், ஒவ்வொரு அக்டோபரும். 1970இல் தொடங்கியது. படகுகளைத் தண்ணீரிலேயே நிறுத்திக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், செப்டம்பர் மாதம். ஜெர்மனியில் டியூசல்டார்ஃப், ஜனவரியில்.

கே: டியூசல்டார்ஃபில் கடலே இல்லையாமே?
(புவியியல் ஆசிரியை, பொன்னேரி)

ப: கடல் இல்லை, காசு இருக்கிறது. பக்கத்தில் ரைன் நதி ஓடுகிறது. படகுகளையெல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்து, விளக்குப் போட்டு, கம்பளம் விரித்து நிறுத்துவார்கள். உலகின் மிகப் பெரிய படகுக் காட்சிகளில் ஒன்று அது. கரையில் நிற்கும் வரை எல்லாப் படகும் நல்ல படகு என்பதை அந்த ஊர் காட்சி தொடங்கிய 1969லேயே கண்டுபிடித்துவிட்டது.

கே: படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்களாமே, உண்மையா?
(ஷூ வியாபாரி, தண்டையார்பேட்டை)

ப: உண்மை. தளத்தில் கீறல் விழும் என்று பயம். வெள்ளைக்காரர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறுவார்கள். நம் ஆட்களுக்குக் கவலையில்லை. நம் படகில் யார் செருப்போடு ஏறினார்கள்? உங்கள் வியாபாரத்துக்கு ஒரு குறிப்பு: அங்கே ஓட்டையில்லாத சாக்ஸ் நன்றாகப் போகும்.

கே: என் படகு முப்பதடி. அங்கே அறுபது, எண்பது அடியெல்லாம் நிற்கும். பக்கத்தில் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது.
(கூச்சக்காரர், தாழங்குப்பம்)

ப: நிமிர்ந்து நில்லுங்கள். எங்கும் நிற்காமல், தன்னந்தனியாக, உலகை முதன்முதலில் சுற்றிவந்த பாய்மரப் படகு எவ்வளவு நீளம் தெரியுமா? 32 அடி. பெயர் 'சுஹைலி'. ஓட்டியவர் ஆங்கிலேயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968இல் கிளம்பி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார். கட்டிய இடம்? லண்டன் அல்ல, பம்பாய். நம் நாட்டுத் தேக்கு, நம் நாட்டுத் தச்சர் கை.

அதே சுஹைலியைப் போலவே ஒரு படகைக் கோவாவில் கட்டி, 2018இல் உலகைச் சுற்றும் போட்டிக்குப் போனார் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி. தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, மீட்கப்பட்டார். அத்தோடு ஓய்ந்தாரா? அடுத்த போட்டிக்கு மறுபடி போய் 2023இல் இரண்டாவதாக வந்தார்.

எண்பது அடிக்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்தால், அவர் படகு கடைசியாக எப்போது துறைமுகத்தை விட்டு வெளியே போனது என்று கேளுங்கள். கூச்சம் இடம் மாறிவிடும்.

கே: ஒலிம்பிக்ஸில் ஓட்டுகிற படகு எவ்வளவு பெரியது?
(பிளஸ் டூ மாணவி, திருவொற்றியூர்)

ப: உங்கள் வகுப்பறை நீளம்கூட இருக்காது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டுவது ஏறக்குறைய 4.2 மீட்டர் படகு. லேசர் என்பார்கள், இப்போது இல்கா என்று பெயர். உடற்பகுதியின் எடை அறுபது கிலோவுக்குள். கவிழ்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். அதில்தான் அவர் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவுக்குப் பிறகு 2024இல் பாரிசுக்கும் போனார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஓட்டுவதும் அதே படகுதான், பாய் மட்டும் கொஞ்சம் பெரியது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்.

கண்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கனடாக்காரர் புரூஸ் கர்பி வரைந்த இந்தப் படகு 1971 நியூயார்க் படகுக் காட்சியில்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கூடம் நிறையப் பெரிய படகுகள் நின்றன. பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டது இந்தச் சின்னதுதான். எனவே காட்சிக்குப் போனால் நடுக்கூடத்தில் நிற்பதைக் கடைசியாகப் பாருங்கள். மூலையில் சாத்திவைத்திருப்பதை முதலில் பாருங்கள்.

கே: ஆனாலும் இது பணக்கார விளையாட்டுதானே? மழுப்பாமல் சொல்லுங்கள்.
(ஆட்டோ ஓட்டுநர், ராயபுரம்)

ப: மழுப்பவில்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது, உங்கள் ராயபுரத்துக்கு அடுத்த துறைமுகத்துக்குள். தொடங்கியவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மறு ஆண்டு கணித மேதை ராமானுஜனுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது இவர் காலத்தில்தான். ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போகவும் உதவினார். ஆக, அந்தத் துறைமுகத்தில் குமாஸ்தாவுக்குக் கப்பலேற வழி கிடைத்திருக்கிறது. பக்கத்துக் குப்பத்துப் பையனுக்குப் பாய்மரப் படகேற வழி இன்னும் குறுகல்தான். நடுவில் மதிற்சுவர், பாதுகாப்பு வாசல், அனுமதிச் சீட்டு.

வழியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் நடத்திய கோடை முகாமில்தான் நேத்ரா தொடங்கினார். ராணுவம், கடற்படை வழியாகவும் பாய்மரம் கற்கலாம். விஷ்ணு ராணுவக்காரர். பணம் நேர்வழி, சீருடை சுற்றுவழி. மூன்றாவது வழி ஒன்று திறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கே: என் பேரனுக்குப் பத்து வயசு. பாய்மரம் பழக ஆசைப்படுகிறான். கண்காட்சியில் படகு வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மீஞ்சூர்)

ப: முதலில் நீச்சல் வாங்கிக் கொடுங்கள். அது எந்த ஸ்டாலிலும் கிடைக்காது.

அப்புறம் 'ஆப்டிமிஸ்ட்' என்ற படகைக் காட்டுங்கள். இரண்டே கால் மீட்டர் சொச்சம் நீளம், முன்பக்கம் வெட்டிவிட்ட பெட்டி மாதிரி இருக்கும். 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், ஏழைப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் பிளைவுட்டில் அடித்துவிட முடிகிற படகாக இருக்கட்டும் என்று வரைந்தது. இன்று உலகம் முழுக்கப் பதினைந்து வயது வரை பிள்ளைகள் பழகுவது அதில்தான். பயிற்சி கொடுக்கும் கிளப்பிலேயே படகும் கொடுப்பார்கள். ஒரு பருவம் ஓட்டட்டும். அப்போதும் ஆசை இருந்தால் வாங்குவது பற்றி யோசிக்கலாம். பிள்ளைகள் வளர்கிற வேகத்தில் படகு வளராது.

கே: என் ஃபைபர் படகில் ஒரு பாய் கட்டிவிட்டால் டீசல் மிச்சமாகுமே?
(கணக்குப் போட்டவர், நெட்டுக்குப்பம்)

ப: பாதிக் கணக்கு சரி. காற்று முதுகுக்குப் பின்னால் வந்தால் வேட்டியை விரித்துப் பிடித்தால்கூடப் படகு போகும். சிக்கல், காற்று பக்கவாட்டில் வரும்போது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை இல்லையென்றால் படகு முன்னால் போவதற்குப் பதில் நண்டு நடை நடக்கும். கட்டுமரத்தில் நம் தாத்தாக்கள் பலகை இறக்கியது அதற்குத்தான். அதோடு பாய்மரம் ஊன்றுவதற்குத் தளத்தில் உறுதியான குழி வேண்டும், நல்ல சுக்கான் வேண்டும், பாயின் தாமான் கயிற்றை வேகமாகத் தளர்த்தத் தெரிந்த கை வேண்டும். தளர்த்தத் தெரியாத கை என்றால் படகு கவிழும்.

தாத்தாக்கள் நேரத்தையும் பார்த்தார்கள். விடியலுக்கு முன் கரையிலிருந்து வீசும் காற்றில் வெளியே போவது, மதியம் கடல்காற்று எழும்பியதும் திரும்புவது. டீசல் வந்த பிறகு அந்த நேர அட்டவணை நம் கையை விட்டுப் போய்விட்டது.

நான் சொல்வது இதுதான்: தொழிலுக்கு இன்ஜின் இருக்கட்டும். இன்ஜின் நின்றுபோனால் வீடு சேர ஒரு சின்னப் பாய் வைத்துக்கொள்ளுங்கள். பாய் தையலும் துணி வகையும் பார்க்கக் கண்காட்சி நல்ல இடம். கட்டும் வித்தை பார்க்க வேண்டுமானால் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி, நம்புதாளைப் பக்கம் போங்கள். திருவிழாவை ஒட்டி நாட்டுப்படகில் பாய் கட்டிப் போட்டி நடக்கும். படகு சாயாமல் இருக்க ஆட்கள் வெளியே நீட்டிய பலகையில் ஏறி உட்காருவார்கள். டிக்கெட் கிடையாது, செருப்பும் கழற்ற வேண்டாம்.

கே: காற்று திசை காட்டும் கருவி நல்லதாக எது வாங்கலாம்?
(புதுப் பணக்காரர், எண்ணூர்)

ப: எண்ணூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கி எதற்கு நிற்கிறது? புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் காற்று. பேட்டரி வேண்டாம். 2024இல் மூன்றாவது நிலையும், 800 மெகாவாட், சேர்ந்துவிட்டது. மாடியில் துணி காயப்போடும் எங்கள் பெண்கள் இன்னும் நுட்பமானவர்கள். கொடியில் எந்தப் பக்கத்துச் சேலையில் சாம்பல் விழுந்தது என்று பார்த்தே வாடையா தென்னலா கச்சானா என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கருவியை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை.

கே: பாய்மரக் கம்பம் அலுமினியம் நல்லதா, கார்பன் நல்லதா? ஆற்றில் ஓட்டத்தான்.
(எலக்ட்ரீஷியன், வல்லூர்)

ப: எலக்ட்ரீஷியனே கேட்பதால் எலக்ட்ரிக் பதிலே சொல்கிறேன்: இரண்டும் மின்சாரம் கடத்தும். கொசஸ்தலை ஆற்றுக்கு மேலே பார்த்தீர்களா? உயர் அழுத்தக் கம்பிகள், கோபுரங்கள். சின்னப் படகின் கம்பமே ஆறு மீட்டருக்கு மேல் வரும். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் இடைவெளி இன்னும் குறையும். பாய்மரக்காரர்கள் உலகம் முழுக்கப் படகை இறக்குமுன் அண்ணாந்து பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. கம்பிக்குக் கீழே கம்பத்தை ஏற்றாதீர்கள், ஏற்றிய கம்பத்தோடு கரையில் வண்டியில் இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். மற்றபடி உங்கள் இஷ்டம்.

கே: கண்காட்சியில் ஒரு படகு பார்த்தேன். அடியில் கனமான கீல் தொங்குகிறது. கவிழவே கவிழாதாம். எண்ணூர் முகத்துவாரத்தில் ஓட்டலாமா?
(அதே புதுப் பணக்காரர், எண்ணூர்)

ப: ஓட்ட வேண்டாம், நட்டுவிடலாம். அந்த மாதிரிப் படகு மிதக்க ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் வேண்டும். கொசஸ்தலையில் மணலும் அனல்மின் சாம்பலும் படிந்து, பல இடத்தில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவுகிறார்கள். கீல் சேற்றில் இறங்கியதும் அவர்கள்தான் உங்களைத் தோளில் தூக்கிக் கரை சேர்க்க வேண்டும்.

விற்பவர் படகைப் பற்றி எல்லாம் சொல்வார். உங்கள் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனவே கண்காட்சிக்குப் போகுமுன் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: வற்றத்தில் உங்கள் ஆழம், போகும் வழியில் பாலத்தின் உயரம், கரையில் படகை இழுத்துப் போட எத்தனை கை கிடைக்கும். நம் கரையின் பிரச்சினை என்றைக்குமே வேகம் இல்லை, அலையைத் தாண்டிக் கரையேறுவதுதான். 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய ஐ.நா.வின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும்போது தூக்கிக்கொள்ளக்கூடிய புரொப்பெல்லர் வைத்து மீன்பிடிப் படகு வடிவமைத்தது அதற்குத்தான்.

கே: "எங்க படகு எந்தப் புயலையும் தாங்கும்" என்கிறார் சேல்ஸ்மேன்.
(சந்தேகப் பிராணி, புழுதிவாக்கம்)

ப: புயலில் அவரும் கூட வருவாரா என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டுப் படகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்கும் படகுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. டி என்றால் குளம், ஆறு, நான்காம் நிலைக் காற்று வரைதான். சி என்றால் கரையோரம், ஆறாம் நிலைக் காற்று, இரண்டு மீட்டர் அலை வரை. பி என்றால் எட்டாம் நிலைக் காற்று, நான்கு மீட்டர் அலை வரை. அதற்கும் மேலே ஏ. எத்தனை பேர் ஏறலாம் என்பதும் அதே தகட்டில் இருக்கும். வாயால் வரும் உறுதிமொழியைவிடத் தகடு நம்பகமானது.

கே: சரி, படகுக்குள்ளே எதைப் பார்க்கணும்? ஒழுங்கா வரிசையா சொல்லுங்க.
(மெக்கானிக், காசிமேடு)

ப: உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மெத்தையைத் தூக்கச் சொல்லுங்கள். தரைப்பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குக் கை போகிறதா? தண்ணீர் இறைக்கும் பம்ப் எட்டுகிறதா? இன்ஜின் ஃபில்டரை மாற்ற மனிதக் கை போதுமா, பாம்பு உடம்பு வேண்டுமா? தளமும் உடலும் சேரும் இடத்தில் போல்ட் இருக்கிறதா, வெறும் பசையா? பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள் படகின் உடலில் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன, பின்னால் பலம் கொடுத்திருக்கிறார்களா? உடலைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாய்க்கும் மூடும் வால்வு உண்டா? சுக்கானை இரண்டு கையாலும் ஆட்டுங்கள், லொடலொடக்கிறதா?

இத்தனையும் பார்த்த பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கலாம், தப்பில்லை.

கே: வரி எப்படி?
(கடைக்காரர், மணலி)

ப: மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. உல்லாசப் படகு, யாட் வகைக்கு 2025 செப்டம்பர் முதல் 40 விழுக்காடு. அதாவது மீனோடு திரும்பினால் தொழில், மீனில்லாமல் திரும்பினால் உல்லாசம். இந்தக் கணக்குப்படி எங்கள் பக்கத்தில் பலரும் சில வருஷமாக உல்லாசப் பயணிகள்தான்.

கே: படகு கழுவும் மருந்து, பாலிஷ் எல்லாம் ஸ்டாலில் விற்கிறார்களாமே? எண்ணெய்க் கறைக்கு எது நல்லது?
(படகின் பக்கவாட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை நொந்தவர், எண்ணூர்)

ப: அங்கே விற்கும் மருந்து வெயிலில் மங்கிய பளபளப்புக்கு. நம் கறை அவர்கள் கையேட்டில் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' இரண்டு கப்பலும் மோதி எண்ணெய் கொட்டியபோது, நாடே பார்க்க பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கியபோது படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாமே கறுத்தன. ஏறக்குறைய ஏழு வருஷ இடைவெளியில் பெரிய மாற்றம் எதுவும் பக்கெட்டில் தெரியவில்லை. கண்காட்சியில் எண்ணெய் உறிஞ்சும் மிதவைத் தடுப்பு விற்கும் ஸ்டால் இருந்தால் முகவரி வாங்கி வாருங்கள். படகுக்காரருக்கல்ல, அதை வாங்கி வைத்திருக்க வேண்டியவர்களுக்கு அனுப்பலாம்.

கே: அத்திப்பட்டு என்றாலே 'சிட்டிசன்' படம்தான் ஞாபகம் வருகிறது. ஊர் திரும்பக் கிடைத்துவிட்டதா?
(அஜித் ரசிகர், வியாசர்பாடி)

ப: படத்தில் காணாமல் போனது அத்திப்பட்டி, கற்பனை ஊர். படம் வந்தது 2001. எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியதும் அதே 2001. எங்கள் ஊர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. பாய்தான் காணாமல் போனது. மோட்டார் ஏற்கெனவே வந்துவிட்டது, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் ஒதுங்கியது. மரம் ஒதுங்கினால் பாய்க்கு வேலையில்லை. இதற்கு வில்லன் யாரும் கிடையாது. டீசல் படகு சீக்கிரம் போகிறது, சீக்கிரம் வருகிறது, முதுகு வலி குறைவு. யாரைக் குற்றம் சொல்ல? ஆனால் பாய் பிடித்த கை இன்னும் சில குப்பங்களில் உயிரோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டால் அது குற்றம்.

கே: தமிழன் பாய்மரத்தில் தூரம் போனதெல்லாம் சோழர் காலத்தோடு சரி, இல்லையா?
(வரலாறு எம்.ஏ., திருவொற்றியூர்)

ப: எம்.ஏ. பாடத்திட்டம் சோழரோடு நின்றிருக்கலாம், படகு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல், 89 அடி, 1937இல் கிளம்பி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. ஓட்டியவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். கப்பலைத் தெரியாமல் வாங்கிய சீமான் அல்ல அவர். அதற்கு முன்பே சுமார் 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர். கவனித்தீர்களா, மறுபடியும் முப்பத்திரண்டு! அன்றைக்குத் தமிழன் படகுக் காட்சி பார்க்க அமெரிக்கா போகவில்லை. காட்சியையே ஓட்டிக்கொண்டு போனான்.

இன்றைக்கும் உண்டு. புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்து தில்னாவும் கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில், இரண்டே பேராக, 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த 'கௌண்டின்யா' என்ற பாய்மரக் கப்பல் 2025 டிசம்பர் இறுதியில் போர்பந்தரில் புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

கே: எங்க வீட்டுக்காரர் படகுக் காட்சிக்குக் கொச்சி போறேங்கறார். விடலாமா?
(மீன் விற்கும் அம்மா, எண்ணூர்)

ப: தனியாக விடாதீர்கள். நீங்களும் போங்கள். அவர் இன்ஜின் குதிரைத்திறன் கேட்பார், நீங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் சென்னையில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். அவர் வேகம் கேட்பார், நீங்கள் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்த ஸ்டாலில் மட்டும் பர்ஸைத் திறங்கள். பர்ஸ் உங்களிடமே இருக்கட்டும்.

கே: கையில் ஐயாயிரம் ரூபாய்தான். என்ன வாங்கி வரலாம்?
(சிக்கனக்காரர், பழவேற்காடு)

ப: போட்டுக்கொண்டே வலை இழுக்க முடிகிற லைஃப் ஜாக்கெட். படகின் மூலையில் தலையணையாகக் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றியதில்லை. போன் நனையாமல் வைக்க நீர்புகாப் பை. ஒரு விசில். உப்பில் துருப்பிடிக்காத கொக்கி, வளையம். மிச்சமிருந்தால் வெயிலில் நைந்துபோகாத கயிறு. பணமில்லாமல் கிடைப்பதும் உண்டு: ஒவ்வொரு ஸ்டாலிலும் கையேடு, ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் பத்து நிமிஷப் பாடம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதைப் படகின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவைக்கவும் செலவில்லை.

கே: அங்கே ஓட்டிப் பார்க்க விடுவாங்களா?
(கை துறுதுறுத்தவர், முகத்துவாரக்குப்பம்)

ப: தண்ணீரில் நடக்கும் காட்சி என்றால் கேட்டுப் பார்க்கலாம், முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். விடாவிட்டாலும் கடைசி நாள் மாலை மட்டும் நழுவ விடாதீர்கள். அன்னபோலிஸில் கடை கட்டும் நேரம்தான் உண்மையான காட்சி என்பார்கள். நெருக்கமாகக் கட்டிய அத்தனை படகும் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிறவிழ்த்து, குறுகலான தண்ணீரில் திரும்பி வெளியே போகும். அதுவரை பளபளத்த படகுகளில் எது சொன்னபடி திரும்புகிறது, எது அடம்பிடிக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். அதைப் பார்க்கவே ஊர் கரையில் கூடி நிற்கும்.

கே: நம்ம ஊரிலேயே ஒரு படகுக் காட்சி நடத்தினால் என்ன?
(உள்ளூர் கிளப் செயலாளர், அத்திப்பட்டு)

ப: இத்தனை கேள்வியில் இதற்குத்தான் காத்திருந்தேன். நடத்துங்கள். பழவேற்காட்டு ஏரிப் படகு ஒன்று, பழைய கட்டுமரம் ஒன்று, இன்றைய ஃபைபர் படகு ஒன்று, துறைமுக கிளப்பிடம் கேட்டு ஒரு ஆப்டிமிஸ்ட், ஒரு லேசர். ராயபுரத்து சிஃப்நெட் மீன்வளப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்து கடல்வழி சொல்லட்டும். ஸ்டாலில் உட்கார எழுபது வயதுத் தாத்தாக்கள். சேல்ஸ்மேனைவிட நன்றாகப் பேசுவார்கள், பொய்யும் குறைவு. துறைமுகத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தா காற்று சொல்லித்தரட்டும், குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் லேசரைக் கொடுக்கட்டும். நான் முன்னே சொன்ன மூன்றாவது வழி இதுதான். மேடை, மாலை, மந்திரி மட்டும் வேண்டாம். காற்று மதியம் எழும்பும், மந்திரி எப்போது எழும்புவார் என்று சொல்ல முடியாது.

கே: கடைசியா ஒரே வரியில்: பெரிய படகா, சின்னப் படகா?
(அவசரக்காரர், கத்திவாக்கம்)

ப: விற்பவர் படகை அடியில் அளப்பார், நீங்கள் நாளில் அளங்கள். போன வருஷம் எத்தனை நாள் தண்ணீரில் இறங்கியதோ அதுதான் ஒரு படகின் உண்மையான நீளம். அந்தக் கணக்கில் எங்கள் பக்கத்து முப்பதடிப் படகுக்கு முன்னால் நிற்க, உலகத்துக் கண்காட்சிகளில் அதிகம் படகு கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியலில் உங்கள் படகை இறக்க நேரத்துக்கு வந்துவிடுங்கள்.